கடைசிக் குழந்தை கிளம்புகிற வரை

என் தம்பிக்கும் கடவுளுக்கும் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. அறிமுகம் இல்லை, அவ்வளவுதான். அவர் இருக்கிற பக்கம் இவன் போனதில்லை. இவன் இருக்கிற பக்கம் அவரும் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இப்பேர்ப்பட்டவனை ஒரு சர்ச் பள்ளிக்கூடமே கூடிப் பெரிய பக்திமான் என்று முடிவு கட்டிவிட்டது என்றால் நம்புவீர்களா? கூடப் பிறந்தவள் நான். கேட்ட அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம்தான் விஷயம் விளையாட்டு இல்லை என்று புரிந்தது.

அவனை ஊரே ‘லிஃப்டு’ என்றுதான் கூப்பிடும். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். அவன் போன் அலறினால், எங்கேயோ ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவில் யாரோ மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள் என்று அர்த்தம். சாப்பிட்ட கையைப் பாதியில் கழுவிவிட்டு ஓடுவான். உச்சி மாடி மோட்டார் ரூமுக்கு ஏறி, கரண்டை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, லிஃப்டை ஒரு மாடிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துவான். கதவைத் திறந்துவிட்டதும் வேலை முடிந்தது என்று மற்றவன் கிளம்பிவிடுவான். இவன் கிளம்ப மாட்டான். வெளியே வந்தவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, அவர் எழுந்து நடக்கிற வரை பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பான். இதனால் எந்த இடத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரமே இல்லை. அவன் கல்யாணத்துக்கே அவன் லேட். நான் பொய் சொல்லவில்லை, அவன் பொண்டாட்டியைக் கேளுங்கள்.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிஃப்ட் மாறி மாறி வரும். புருஷனும் பொண்டாட்டியும் பாதி நாள் மாடிப்படியில்தான் பார்த்துக்கொள்வார்கள். அவன் ஏறுவான், அவள் இறங்குவாள். “சோறு மூடி வச்சிருக்கேன்” என்பதுதான் அவர்கள் காதல் வசனம். இவர்களுக்கு ஒரே பெண். நாங்கள் வைத்த பேர் பொடிசு.

“நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தே, அத்தைக்காரி போய்ப் பள்ளிக்கூடத்துலேர்ந்து பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வரக்கூடாதா?” என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டுவிட்டார்கள், நீங்கள்தான் பாக்கி. நான் ஊரின் அந்தக் கோடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில்தான் எனக்கு ஜனம் குவியும். ஜிப் மாற்று, பேண்ட் நீளத்தைக் குறை, இடுப்பைப் பிடி. அந்த நேரத்தில் ஷட்டரை இறக்கினால் அப்புறம் நான்தான் வயிற்றில் ஈரத்துணி கட்டிக்கொள்ள வேண்டும்.

பொடிசு முதலில் படித்தது வேறொரு பள்ளிக்கூடத்தில். பளபளவென்று கண்ணாடி வைத்துக் கட்டின கட்டடம். மணி அடித்ததும் பிள்ளைகளைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிப் பூட்டிவிடுவார்கள். உள்ளே இருக்கிற வரைதான் பொறுப்பாம். ஒரு நாள் இவன் வழக்கத்தைவிட ரொம்ப லேட். ஒரு வயதான மனுஷர் லிஃப்டுக்குள் மயங்கி விழுந்துவிட்டார், அவரை விட்டுவிட்டு வர முடியவில்லை. இங்கே மழை கொட்டுகிறது. பூட்டின கேட்டைப் பிடித்துக்கொண்டு பொடிசு தன்னந்தனியாக நிற்கிறாள். இவன் போய்ச் சேர்ந்தபோது அழுகைகூட இல்லையாம். கம்பியிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்ததாம்.

அதற்கப்புறம் யூனிஃபார்மை எடுத்தாலே போதும், குழந்தை வாந்தி எடுக்கும். டாக்டரிடம் காட்டினோம். வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். கொஞ்சினோம், மிரட்டினோம், பொம்மை வாங்கிக் கொடுத்தோம். ஒன்றும் எடுபடவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர்களோ, “பிள்ளையைச் சரி பண்ணிட்டுக் கூட்டிட்டு வாங்க” என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன். கேட்டு என்ன பண்ண? பிள்ளை வீட்டோடு உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்கு டூட்டி இருக்கிற நாளில் அப்பாவோடு வேலைக்குப் போனாள். லிஃப்ட் வாசல் படிக்கட்டுகளில் உட்கார்ந்து படம் வரைவாள்.

அப்படி ஒரு நாள் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு ஆள்தான். என் தம்பி மேலே ஏறிப் போக, கீழே கதவுக்கு வெளியே பொடிசு. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், “வெளியில யாரு?” என்றிருக்கிறது.

“நான்தான்.”

“நான்தான்னா யாரு? ஸ்கூலுக்குப் போகலையா நீ?”

“போக மாட்டேன்.”

“ஏன்?”

“எல்லாரும் என்னை விட்டுட்டுப் போயிடுவாங்க.”

கதவு திறந்தபோது உள்ளே ஒரு கன்னியாஸ்திரி, ஜம்மென்று தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாராம். நல்ல ஆகிருதி, அதைவிட நல்ல தொண்டை. பக்கத்துத் தெரு சர்ச் பள்ளிக்கூடத்தின் ஹெட்மிஸ்ட்ரஸ். பெரிய சிஸ்டர் என்று எல்லாரும் கூப்பிடுவார்கள். என் தம்பி தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அதை வாங்காமல், “இந்தப் பொண்ணு உன் பொண்ணா?” என்று கேட்டார். இவன் விஷயத்தைச் சொன்னான். “நாளைக்கு என் ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வா” என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் தண்ணீர் குடித்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தால் யாரும் மயங்கி விழ மாட்டார்கள். பழைய கட்டடம். பெஞ்சுகள் ஆடும். பெயின்ட் அடித்து எந்தக் காலமோ! அங்கே ஏன் இப்படிக் கூட்டம் அலைமோதுகிறது என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஒழுக்கம் வரும் என்று ஒரு அம்மா சேர்த்தாள். இங்கிலீஷ் வரும் என்று ஒருத்தர். பஸ் ஸ்டாப் பக்கத்திலேயே இருக்கிறதே என்று இன்னொருத்தி என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். பெரிய சிஸ்டர் பணக்காரன், ஏழை பார்க்காமல் எல்லாரையும் ஒரே மாதிரி திட்டுவார், அது எனக்குப் பிடித்திருக்கிறது என்றார் ஒரு மளிகைக் கடைக்காரர். சாமிக்காகச் சேர்த்தவர்களும் உண்டு. இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் அங்கே ஒரு பழக்கம் உண்டு. காலையில் மணி அடித்ததும் ஒரு ஜெபம். அது எல்லாப் பள்ளியிலும் இருப்பதுதான். சாயங்கால ஜெபம்தான் விசேஷம். அதை மணி அடித்ததும் சொல்ல மாட்டார்கள். கடைசிக் குழந்தையைக் கூட்டிப் போக ஆள் வந்து சேர்ந்த பிறகுதான், கேட்டுப் பக்கத்தில் நின்று சொல்வார்கள். அதைச் சொல்லாமல் அன்றைய பள்ளிக்கூடம் முடியாது. பூட்டும் போட மாட்டார்கள். அவசரம் இருக்கிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் பெரிய சிஸ்டர் போக மாட்டார், இரண்டு டீச்சர்கள் போக மாட்டார்கள், வேலைவெட்டி இல்லாத தாத்தாக்களும் அரட்டைப் பிரியர்களான அம்மாக்களும் போக மாட்டார்கள்.

முதல் நாள் பொடிசு பெரிய சிஸ்டரின் அங்கியை விடாமல் பிடித்துக்கொண்டு, “எல்லாரும் எப்பப் போவீங்க?” என்று கேட்டாளாம்.

“நீ போகாம நாங்க எப்படிப் போறது? ஜெபம் பாக்கி இருக்கே!” என்றாராம் அவர், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

மறுநாள் காலையில் யூனிஃபார்மை எடுத்தோம். நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். பொடிசு கையைத் தூக்கிக் கொடுத்தாள், போட்டுக்கொண்டாள், போய்விட்டாள். வாந்தி இல்லை. தம்பி பொண்டாட்டி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன், எனக்கென்ன கல்நெஞ்சா?

இங்கேதான் கூத்து ஆரம்பம். தினமும் கடைசியாக வந்து சேர்கிறவன் யார்? நம்ம ஆள்தான். அவன் உள்ளே நுழைந்ததும் சிஸ்டர் கையைத் தட்டுவார், எல்லாரும் வட்டமாக நிற்பார்கள், ஜெபம் ஆரம்பிக்கும். ஓடிவந்த களைப்பில் இவன் கண்ணை மூடித் தலையைக் குனிந்து நிற்பான். மற்ற அப்பா அம்மாக்களில் பாதிப் பேர் சாயங்கால ஜெபத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இவன் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. எப்படித் தவறவிடுவான்? இவன் வந்தால்தானே அது நடக்கும்!

அங்கே ஒரு ரிட்டயர்ட் பேங்க் மேனேஜர் இருந்தார். பேத்தியைக் கூட்டிப் போக வருகிறவர். ஜெபம் முடிந்ததும் தெருவுக்கே கேட்கிற மாதிரி “ஆமென்!” என்பார். அதனால் ஆமென் மாமா. அவர் என் தம்பியைக் கவனித்துக்கொண்டே வந்திருக்கிறார். கை நிறைய கிரீஸ், சட்டை நிறைய வேர்வை, ஆனாலும் ஜெபத்துக்கு ஓடோடி வந்து கண்ணை மூடி நிற்கிறானே! மாமா உருகிவிட்டார். ஒருத்தர் காதில் போட்டார், அவர் நாலு பேர் காதில் போட்டார். கொஞ்ச நாளில் பெற்றோர் பிரார்த்தனைக் குழு என்று ஒன்று ஆரம்பித்து, என் தம்பியைத் தலைவனாக்கிக் கைதட்டிவிட்டார்கள். இவன் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

“சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடா, ‘எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல’ன்னு?” என்று கேட்டேன்.

“எப்படிக்கா சொல்றது? மாமா என் கையைப் பிடிச்சுக் கண் கலங்கறாரு.”

“அதுக்காக? தலையில கிரீடம் வச்சா வாங்கிக்குவியா?”

அவன் குரலை இறக்கிக்கொண்டான். “நான் ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும். இப்பச் சொன்னா ஏமாத்திட்டேன்னு நினைப்பாங்க. பொடிசை வெளிய அனுப்பிட்டா? அவ மறுபடியும் அந்த மாதிரி ஆயிட்டா? என்னால தாங்க முடியாதுக்கா.”

வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடினால் விஷயம் எவ்வளவு பெரிசு என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த வருஷத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வருகிற குடும்பங்களுக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டுகிற நாள் வந்தது. “இந்தப் பள்ளிக்கு ஏன் வந்தோம்” என்று தலைவர் பேசுவார் என்று ஆமென் மாமா அறிவித்துவிட்டார். என்ன பேச வேண்டும் என்றும் அவரே சொல்லிக் கொடுத்தார். என் தம்பி என் கடைக்கு வந்து, நான் ஒருத்தருடைய பேண்டுக்கு ஹெம் அடித்துக்கொண்டிருக்க, அதை ஒப்பித்துப் பார்த்தான். “விசுவாசமே எங்களை இங்கே அழைத்து வந்தது...” என் ஊசி உடைந்துவிட்டது. சத்தியமாக.

அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். ஹால் நிறைய ஜனம். வந்தவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். மார்க் எப்படி, கம்ப்யூட்டர் உண்டா, மைதானம் பெரிசா. பெரிய சிஸ்டர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு என் தம்பியைக் கைகாட்டினார். தோய்த்துத் தேய்த்த சட்டை, எண்ணெய் வைத்துச் சீவின தலை. ஆமென் மாமா முன்வரிசையில் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். பொடிசு என் மடியில்.

“விசுவாசமே எங்களை...” என்று இவன் ஆரம்பித்தான். பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. பஸ் ஓட்டுகிற பெண். டூட்டி யூனிஃபார்மோடு, இடுப்பில் ஒரு சின்னக் குழந்தையோடு நின்றாள்.

“மன்னிக்கணும். பாதியில கேக்கறேன், வண்டி எடுக்கணும். என் பஸ்ஸு டிராஃபிக்ல நின்னுட்டா நான் வர லேட்டாகும். அப்ப என் பொண்ணு எங்க நிப்பா?”

ஹாலில் ஒரு சலசலப்பு. ஆமென் மாமா திரும்பி, “அதெல்லாம் பார்த்துக்குவாங்கம்மா, அவர் பேசட்டும்” என்றார். அந்தப் பெண் உட்காரவில்லை. “எல்லா ஸ்கூல்லயும் அப்படித்தான் சொல்றாங்க” என்றாள்.

என் தம்பி அவளைப் பார்த்தான். அப்புறம் பொடிசைப் பார்த்தான். உண்மையைச் சொல்லப்போகிறான், கெட்டது குடி என்று பொடிசை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“உங்க பொண்ணு தனியா நிக்க மாட்டாம்மா” என்றான். “எனக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க. தினமும் கடைசியா வர்றவன் நான்தான். இவங்க எல்லாம் என்னை ஜெபத்துக்கு வர்றவன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. நான் லேட்டா வர்றேன், அவ்வளவுதான். எனக்கு ஜெபம் பண்ணவே தெரியாது. கண்ணை மூடிக்கிட்டு மூச்சு வாங்கிக்கிட்டு நிப்பேன். ஆனா நான் எவ்வளவு லேட்டா வந்தாலும் என் பொண்ணோட அத்தனை பேர் நிக்கறாங்க. ஒரு நாள் இருட்டே விழுந்துடுச்சு. இதோ உக்காந்திருக்காரே இந்த மாமா, அவருக்குச் சக்கரை, சாப்பாட்டு நேரம் தாண்டிடுச்சு, பொண்ணுக்குக் கதை சொல்லிக்கிட்டு நின்னாரு. அதுக்காகத்தான் நான் இங்க இருக்கேன். வேற காரணம் எனக்குத் தெரியாது. பொய் சொன்னதுக்கு என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. பொண்ணை மட்டும் அனுப்பிடாதீங்க.”

ஆமென் மாமாவின் முகம் சிறுத்துப் போய்விட்டது. பாவம், அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. பெரிய சிஸ்டர் மெதுவாக எழுந்தார்.

“நானும்தான் நம்பிட்டேன்” என்றார். “நல்லா ஏமாந்தேன். லிஃப்ட்ல மாட்டினப்பகூட எனக்கு இப்படி இருந்ததில்ல.”

என் தம்பி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

“சீட்டை உன் பொண்ணுக்குக் கொடுத்தேன். உனக்கா கொடுத்தேன்? அவளை எதுக்கு அனுப்பணும்? தலைவர் பதவி போச்சு, உக்காரு.” அப்புறம் பஸ் ஓட்டுகிற பெண் பக்கம் திரும்பி, “நீ லேட்டா வந்தா நான் திட்டுவேன்மா. இவனைக் கேட்டுப் பாரு, தினமும் வாங்கறான். ஆனா உன் பொண்ணை விட்டுட்டு இங்க யாரும் போக மாட்டாங்க” என்றார். அந்தப் பெண் அப்போதுதான் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள்.

எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். ஆமென் மாமா ரொம்ப நாள் என் தம்பியோடு பேசவில்லை. ஜெபத்தில் தள்ளித்தான் நிற்பார். இவன் வணக்கம் சொன்னால் கூரையைப் பார்ப்பார். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், பொடிசுக்குக் கதை சொல்வதை அவர் நிறுத்தவில்லை. இவன் வருகிற வரை நின்றுவிட்டு, இவனிடம் பேசாமல் போவார். அந்தக் கோபத்தையும் இந்த நிற்றலையும் ஒரே மனுஷர் எப்படிச் சுமந்தாரோ, எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

புது வருஷம் பள்ளி திறந்து சில நாள் கழித்து ஒரு அதிசயம் நடந்தது. ஊரில் ஒரு லிஃப்டும் நிற்கவில்லை. எனக்கும் அன்று கடையில் கரண்ட் இல்லை. இரண்டு பேருமாக மணி அடிக்கிற நேரத்துக்கே போய்விட்டோம். என் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. “பொடிசு, வா வா! இன்னிக்கு நாமதான் ஃபர்ஸ்ட்டு!” என்று கேட்டிலிருந்தே கத்தினான்.

பொடிசு வரவில்லை. பஸ் ஓட்டுகிற பெண்ணின் குழந்தை சுவரோரமாக நின்றுகொண்டிருந்தது. பையின் வாரைக் கடித்துக்கொண்டு, கேட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றது. பொடிசு அதன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இவங்க அம்மா இன்னும் வரலப்பா. நீங்க போறதுன்னா போங்க. நான் வர மாட்டேன்.”

என் தம்பி என்னைப் பார்த்தான். எனக்கு என்ன தெரியும்? போய் ஆடுகிற பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்தான். பக்கத்தில் ஆமென் மாமா இருந்தார். மாமா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

அந்தச் சின்னது விம்ம ஆரம்பித்தது. பொடிசு குனிந்து, அதன் மூக்கைத் தன் பாவாடையால் துடைத்துவிட்டு, பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்:

“அழாத. நான் இருக்கேன்ல? உங்கம்மா வந்தப்புறம்தான் நான் போவேன்.”